எனக்குக் கட்டும் வீட்டுக்காக என் வீட்டையே இடிக்கிறார்கள்

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகி ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் தெரு, குடும்பம், வீட்டை அடையாளம் காட்டும் விவரங்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். மிச்சத்தின் சுருக்கம் இது.

அவருக்கு வயது 23. பிளஸ் டூவில் வணிகவியல் பிரிவு, அப்புறம் உள்ளூரிலேயே பி.ஏ. வரலாறு. முடித்து இரண்டு வருடம் ஆகிறது. அவர்கள் வழக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பாட்டி இருந்த வீடு உம்மாவுக்கு வந்தது, அடுத்து இவருக்கு. அடுத்த வருடம் கல்யாணம் என்று பேச்சு நடக்கிறது. "பிள்ளைக்கு நல்ல வீடாகக் கொடுக்க வேண்டாமா" என்று உம்மாவின் அண்ணன், அதாவது பெரிய மாமா, பழைய வீட்டை முழுக்க இடித்துவிட்டு மூன்று மாடி கான்கிரீட் வீடு கட்ட பிளான் போட்டு வைத்திருக்கிறார். வாப்பா வெளிநாட்டில். உம்மா இரண்டு பக்கமும் பேசவில்லை.

வீட்டுச் சுவர் கடலில் எடுத்த கல். முன்கட்டு மட்டப்பா, அதாவது தட்டையான கூரை, பின்கட்டு ஓடு. ஓட்டில் 1865 என்று எழுத்து இருக்கிறது. "சீதக்காதி காலத்து வீடு, முந்நூறு வருடம்" என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். போன மழைக்கு அப்புறம் மேற்குச் சுவருக்கு சிமென்ட் பூசினார்கள், எட்டு மாதத்தில் பொரிந்துவிட்டது. பாட்டியின் பெட்டியில் ஒரு நோட்டு இருக்கிறது. எழுத்து அரபு, ஆனால் ஓதினால் பொருள் வரவில்லை என்கிறார்.

கேள்விகள் நான்கு. மாமாவை எப்படித் தடுப்பது? தொல்லியல் துறைக்கு எழுதினால் வீட்டைப் பாதுகாப்பார்களா, அல்லது மாமா பயப்படுவதுபோல் எடுத்துக்கொண்டுவிடுவார்களா? கணிதம் படிக்காத நான் இனி கட்டிட மரபுப் பாதுகாப்புத் துறைக்கு வர முடியுமா? "பழைய சுவரைப் பார்ப்பதற்கு ஒரு படிப்பா" என்று மாமா கேட்பதற்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தின் ஒரு வரியைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன். அந்த வரியிலேயே உங்கள் சிக்கல் முழுதும் இருக்கிறது. மாமா உங்கள் மேல் உள்ள பிரியத்தில், தன் கைக்காசைப் போட்டு, ஊர் மெச்சும்படி செய்ய நினைக்கிற காரியம் இது. அவர் வீட்டை விற்றுத் தின்னப் பார்க்கிறவர் இல்லை. இதை முதலில் சொல்வதற்குக் காரணம், கலெக்டருக்கு மனு எழுதி வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, அந்த மனுவை இப்போதைக்குப் பெட்டியிலேயே வையுங்கள். மனு போன மறுநாள் வீடு 'பிரச்சினை வீடு' ஆகிவிடும். பிரச்சினை வீட்டை எப்படியாவது சீக்கிரம் இடித்துவிட வேண்டும் என்கிற அவசரம் ஆட்களுக்கு வந்துவிடும். பழைய கட்டிடங்களை அளந்து ஆவணப்படுத்தும் வேலையில் முப்பது வருடத்தில் நான் பார்த்த பாதி இடிப்புகள் அப்படி நடந்தவைதான்.

இன்னொன்று. வீட்டையும் படிப்பையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். வீடு போனால் படிப்பில் அர்த்தமில்லை, படிக்கப் போனால் வீடு போய்விடும் என்று. வீட்டுக்கு உங்களிடம் சில மாதங்கள் இருக்கின்றன. படிப்புக்கு நாலைந்து வருடம் வேண்டும். இரண்டையும் தனித்தனியாக எடுத்துப் பேசுவோம். ஆனால் இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான், அதைக் கடைசியில் சொல்கிறேன்.

1865 என்ற எண்

உங்கள் வீட்டுக்கு வயது என்ன? வள்ளல் சீதக்காதி, ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் காலத்தவர், 17ஆம் நூற்றாண்டு. குடும்பக் கதை அங்கே போகிறது, ஓடு 1865 என்கிறது. இரண்டும் ஒத்துவரவில்லை என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள். அது நல்ல கண்.

ஆனால் அந்த 1865 வீட்டின் வயதும் இல்லை, ஓட்டின் வயதும் இல்லை. 'பேசல் மிஷன் டைல் ஒர்க்ஸ், மங்களூர்' என்று சேர்ந்து எழுதியிருந்தால், அது அந்தத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். கடைக்காரர்கள் போர்டில் 'நிறுவியது' என்று போட்டுக்கொள்வதைப்போல, அதற்குப் பிறகு பல வருடம் செய்த ஓடுகளிலும் அதே எண்ணை அச்சில் வைத்திருந்தார்கள். முதல் உலகப் போருக்குப் பின் அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற கம்பெனிக்குக் கைமாறின. ஆகவே மிஷன் பெயர் உள்ள ஓடு 1865க்கும் அந்தக் கைமாற்றத்துக்கும் இடைப்பட்டது என்று சொல்லலாம். அதுவும் ஓட்டைப் பற்றித்தான். கீழே உள்ள சுவர் அதைவிடப் பழையதாக இருக்கலாம். எங்கிருந்தோ இடித்த வீட்டு ஓட்டைப் பிற்பாடு வாங்கிப் போட்டும் இருக்கலாம்.

கட்டிட வரலாறு என்பது பெரும்பாலும் இந்த மாதிரி வேலைதான். சொல்வதை நம்புகிறோம், ஆனால் சுவரையும் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம். மட்டப்பாவைத் தாங்கும் இரும்பு உத்திரம் இருந்தால் அதன் பக்கவாட்டில் கம்பெனிப் பெயர் புடைத்து நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கதவு நிலைக்கும் சுவருக்கும் நடுவே பூச்சு ஒரே தொடர்ச்சியாக இருக்கிறதா, வெட்டிச் செருகியதா என்று பாருங்கள். பழைய பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியிருக்கும், அதில் வீடு 'ஓட்டு வீடு' என்றிருக்கிறதா 'மச்சு வீடு' என்றிருக்கிறதா?

அந்த நோட்டு. ஓதுவதுபோல் ஓதாமல், பேசுவதுபோல் சத்தமாக வாசித்துப் பாருங்கள். அது தமிழாக இருக்கலாம். அரபு எழுத்தில் சில எழுத்துகளுக்குக் கூடுதல் குறி சேர்த்துத் தமிழை எழுதும் அர்வி உங்கள் ஊரில் கொடிகட்டிப் பறந்த எழுத்து. பாட்டி காலத்துப் பெண்கள் அதில்தான் எழுதப் படிக்கக் கற்றார்கள். நோட்டில் இருப்பது பைத்தாகவும் (பாடலாகவும்) இருக்கலாம், மருந்துக் குறிப்பாகவும் இருக்கலாம், கொத்தனாருக்குக் கொடுத்த கூலிக் கணக்காகவும் இருக்கலாம். எதுவானாலும் ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வைத்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

முந்நூறு வருடம் இல்லாமல் போனால் வீட்டுக்கு மதிப்புக் குறைந்துவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். நூற்றிருபது வருட வீடு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தால், சரிபார்க்க முடியாத முந்நூறைவிட அது கனமானது.

அரசு பாதுகாக்குமா, பிடுங்குமா?

இரண்டும் நடக்காது. 1958ஆம் வருட மத்தியச் சட்டத்தின்படி நூறு வருடத்துக்குக் குறையாத பழமை இருந்தால் ஒரு கட்டிடத்தைத் தேசிய முக்கியத்துவம் உள்ள சின்னமாக அறிவிக்கலாம். 'அறிவிக்கலாம்' என்றுதான் இருக்கிறது. அதற்கு முன் இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்து ஆட்சேபம் கேட்க வேண்டும். நாடு முழுவதற்கும் அப்படி அறிவித்தவை சுமார் 3,700தான். மாநிலத்துக்கு 1966ஆம் வருடச் சட்டம் தனியாக உண்டு. ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு குடும்பம் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான வீடுகளில் ஒன்றை அந்த வரிசையில் வைப்பார்கள் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஜேசிபி முந்திக்கொள்ளும். மரபுக் கட்டிடங்களுக்கென்றே 2012இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் வந்தது. அதன் மேலும் இந்த ஆறு மாதத்துக்குக் கணக்குப் போடாதீர்கள்.

மாமாவின் பயத்துக்கும் அடிப்படை இல்லை. நீங்கள் ஒரு கடிதம் எழுதியதற்காக யாரும் வந்து வீட்டை எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அறிவிக்கப்பட்ட சின்னத்தில்கூட உடைமை தனியாரிடமே இருக்க முடியும்.

பழைய பள்ளிவாசல் பக்கத்தில் இருப்பதால் 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற தடை தானாக வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். 2010இல் சட்டத்தில் சேர்த்த அந்தத் தடையும், அதற்கு மேல் 200 மீட்டர் கட்டுப்பாடும், மத்திய அரசு அறிவித்த சின்னங்களைச் சுற்றித்தான். கட்டிடம் எவ்வளவு பழையது என்பது பேச்சில்லை, அறிவிக்கை இருக்கிறதா என்பதுதான் பேச்சு. இதைவிட உங்களுக்கு உதவக்கூடியது கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் நீர் அலையேற்றத்தில் எட்டும் உயர்ந்த எல்லையிலிருந்து, 500 மீட்டருக்குள் உங்கள் மனை இருந்தால், நகராட்சி அனுமதியோடு அந்த விதிகளும் புதிய கட்டிடத்துக்குப் பொருந்தும். "மூன்று மாடிக்கு இங்கே அனுமதி கிடைக்குமா என்று இன்ஜினியர் எழுத்தில் சொன்னாரா மாமா?" என்று கேட்பது சண்டை போடுவதாகாது, நியாயமான கேள்வி. இடித்த பிறகு அனுமதி இல்லை என்று தெரிந்தால் இரண்டு வீடும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும்.

சொத்து இப்போது யார் பெயரில் இருக்கிறது, பாட்டி கொடுத்தது வாய்வழி ஹிபாவா (தானமா), பத்திரமா, மாமாவுக்கு அதில் பங்கு உண்டா என்பதை ஒரு வக்கீலிடம் உம்மாவோடு போய்க் கேளுங்கள். அது என் துறை இல்லை.

அந்த மேற்குச் சுவர்

மண்ணில் உப்பு, கடல் காற்றில் உப்பு என்று காரணம் எழுதியிருக்கிறீர்கள். உப்பு உண்மைதான். ஆனால் உப்பு அங்கே நூறு வருடமாக இருக்கிறதே, இந்த எட்டு மாதத்தில் மட்டும் ஏன் பொரிந்தது?

உங்கள் சுவர் பவளக்கல், முருகைக்கல் என்றும் சொல்வார்கள். ஒரு துண்டு உதிர்ந்திருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள், தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். தரையிலிருந்து ஈரத்தை அது உறிஞ்சும், வெயிலில் வெளியே விடும். ஈரத்தோடு உப்பும் ஏறி வரும். சுண்ணாம்புக் காரை பூசியிருந்த காலத்தில் ஈரம் அந்தக் காரை வழியாகவே மூச்சு விட்டது. உப்பு காரையில் பூத்து, சில வருடத்துக்கு ஒருமுறை காரை உதிர்ந்தது, மறுபடி பூசினார்கள். உதிர்வதுதான் அதன் வேலை. கல்லுக்குப் பதில் அது செத்தது. சிமென்ட் பூசியதும் அந்த மூச்சு அடைபட்டுவிட்டது. ஈரம் இன்னும் மேலே ஏறியது, உப்பு பூச்சுக்குப் பின்னால் பளிங்காக விளைந்து அதைத் தள்ளியது. கூடவே கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும்.

ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துக்கொண்டு சுவரை அடிப்பக்கத்திலிருந்து தட்டிக்கொண்டே போங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கிற இடமும் 'டொப் டொப்' என்று பொள்ளலாகக் கேட்கிற இடமும் காதுக்கே தெரியும். பொள்ளல் முடியும் எல்லையைச் சாக்பீஸால் வளைத்துக் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி. கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதுதான் சுவரின் நோய்க் குறிப்பு. 'பழைய சுவரைப் பார்ப்பதற்கு ஒரு படிப்பா' என்று கேட்ட மாமாவை அந்தக் கோட்டுக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்துங்கள். பூச்சுக்குக் கொடுத்த காசு எங்கே போனது என்று அவரே கேட்பார்.

பழுது பார்ப்பது என்று முடிவானால் வரிசை இது. முதலில் கூரை, மழைத் தண்ணீர் வழி. தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்கு அப்புறமும் நிற்கிற தேவாலயச் சுவர் உங்கள் வீட்டுக் கல்தான். இத்தனை வருடம் நின்றதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், ஆனால் கூரை போன சுவர் வருடா வருடம் கரைந்துகொண்டிருப்பதையும் பார்க்க வேண்டும். அப்புறம் சிமென்ட்டைப் பொறுமையாகக் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுக்க உலர விட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பில் பூச வேண்டும். கடுக்காய்த் தண்ணீர், வெல்லத் தண்ணீர் சேர்க்கத் தெரிந்த கொத்தனார்கள் செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். "கொஞ்சம் சிமென்ட் கலந்தால் கெட்டியாக இருக்கும்" என்று யாராவது சொன்னால் அவரை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

புதிதாகப் பவளக்கல் வாங்கிச் சுவரைத் திருத்தலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இலிருந்து கடல்வாழ் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்கள் 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்கு உள்ள அதே அட்டவணை. எடுப்பது குற்றம், அப்படி இருப்பதுதான் சரி. ஆகவே உங்கள் சுவரில் இருக்கிற கல்தான் இனி உங்களுக்குக் கிடைக்கக்கூடிய கல். உடைகிற பகுதியின் கல்லை அதே வீட்டில் வேறு இடத்தில் வைக்கலாம். ஒருவேளை இடிப்பதாகவே முடிவானாலும், அந்தக் கல்லை வண்டியில் ஏற்றி விற்பதற்கு முன் வனத்துறையிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

கான்கிரீட் என்றால் நிரந்தரம் என்று மாமா நம்புவதையும் கொஞ்சம் அசைக்கலாம். கான்கிரீட்டுக்குள் கம்பி இருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும், பருத்தால் சிலாப் வெடிக்கும். இந்தக் கடற்காற்று இரும்பை என்ன செய்யும் என்பதற்கு வெளியூர் உதாரணம் வேண்டாம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தார்கள். அந்தப் பழைய பாலம் ஒழுங்காகப் பெயின்ட் அடித்துப் பராமரித்த பாலம்.

இடிக்காமல் கொடுப்பது

'வீட்டை இடிக்காதீர்கள்' என்பது மாமாவிடம் வைக்கிற யோசனை ஆகாது. அவர் கையில் ஒரு பிளான் இருக்கிறது, உங்கள் கையில் ஒன்றும் இல்லை. அவருக்கு என்ன வேண்டும்? பெண்ணுக்குத் தனி அறை, அதிலேயே குளியலறை, ஏசி, மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்க்கும்போது கௌரவமான முகப்பு. இதில் எது பழைய வீட்டால் முடியாது? முன்கட்டையும் முற்றத்தையும் அப்படியே வைத்து, இப்போதே பாதி விழுந்து கிடக்கிற பின்கட்டை எடுத்துவிட்டு அங்கே புதிய அறைகள் கட்டலாம். புதுக் கட்டுக்குத் தனி அஸ்திவாரம், பழைய சுவர் மேல் பாரம் ஏற்றக் கூடாது, குளியலறைக் குழாய் எதுவும் பவளக்கல் சுவருக்குள் போகக் கூடாது. இதைக் காகிதத்தில் போட்டு, பழைய கட்டிட அனுபவம் உள்ள ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் சுவரின் நிலையைச் சோதித்து எழுதி வாங்கி, இரண்டு எஸ்டிமேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது பேச்சுவார்த்தை.

ஒரு விஷயத்தை உள்ளபடி சொல்ல வேண்டும். இன்ஜினியர் பார்த்துவிட்டு 'சுவர் தாங்காது' என்றும் சொல்லக்கூடும். சொன்னால் கேளுங்கள். ஒரு குடும்பம் உறங்கும் கூரை அது.

நிலை, கதவு, தூண்களுக்கு விலை கேட்டு ஆள் வரும். காரைக்குடியில் பழம்பொருள் கடைகளில் போய் நிற்கிற தூண்களில் பாதிக்கு எந்த ஊர், எந்த வீடு என்பதே தெரியாது. எதையும் விற்பதற்கு முன் அது நின்ற இடத்தோடு படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

படிப்பு

'கன்சர்வேஷன் ஆர்க்கிடெக்ட் ஆகாவிட்டால் இந்தத் துறையில் இடமில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 1972ஆம் வருடச் சட்டப்படி கட்டிடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவர்தான் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள முடியும். அதற்கு ஐந்து வருட பி.ஆர்க்., அதில் சேர பிளஸ் டூவில் கணிதம். டெல்லி, போபால், அகமதாபாத்தில் இருக்கிற கட்டிடப் பாதுகாப்பு முதுகலைகளுக்கும் பி.ஆர்க். அடிப்படை. நீங்கள் திறந்தநிலைப் பள்ளி வழியாகக் கணிதம் எழுதி, மறுபடி ஐந்து வருடம் படிக்கலாம்தான். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏனென்றால் இந்த வேலையில் ஆர்க்கிடெக்ட் ஒரு ஆள்தான். கல்வெட்டு படிப்பவர், ஆவணம் தேடுபவர், சுண்ணாம்பைச் சோதிக்கிற வேதியியல்காரர், ஓவியத்தைச் சுத்தம் செய்பவர், ஸ்தபதி, கொத்தனார் எல்லாரும் சேர்ந்தால்தான் ஒரு மண்டபம் நிமிரும். நம் கட்டிடக்கலையைப் பற்றி இந்தியர் ஒருவர் எழுதிய முதல் பெரிய ஆய்வு 1834இல் லண்டனில் அச்சாயிற்று. எழுதிய ராம் ராஸ் தஞ்சாவூர்க்காரர். குமாஸ்தாவாகத் தொடங்கி பெங்களூரில் நீதிபதி ஆனவர். வடமொழிச் சிற்ப நூல்களைப் படிக்கப் போய், சொல் புரியாமல் பண்டிதர்களும் கைவிட்ட பிறகு, வேலை தெரிந்த சிற்பிகளிடம் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவர். புத்தகம் வெளிவரும்போது அவர் உயிரோடு இல்லை என்பது வேறு விஷயம்.

உங்கள் பி.ஏ. வரலாற்றிலிருந்து நேராகப் போகக்கூடிய வழி: தொல்லியலில் முதுகலை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறு, தொல்லியல் துறை இருக்கிறது. தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டு, கட்டிடக்கலை, கடல்சார் வரலாறு என்று தனித்தனித் துறைகளே இருக்கின்றன, கடலோரப் பெண்ணான நீங்கள் அந்தக் கடைசித் துறை மேல் ஒரு கண் வையுங்கள். முதுகலைக்குப் பின் மாநிலத் தொல்லியல் துறை சென்னையில் நடத்தும் இரண்டு வருடப் பட்டயம், உதவித்தொகையோடு. கல்வெட்டுப் படிப்பதிலும் அகழாய்விலும் கையைத் தோய்த்து எடுக்கிற படிப்பு அது. உங்கள் மாவட்டத்து அழகன்குளத்தில் அகழாய்வு செய்த துறையும் அதுதான். தகுதியை ஒவ்வொரு வருட அறிவிப்பிலும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்ப வீட்டில் சம்மதித்தால் அகமதாபாத்தில் மரபு மேலாண்மைக்கென்று முதுகலை உண்டு, செலவு கூடுதல்.

சம்பளம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அரசுப் பணி கிடைத்தால் நிம்மதி, ஆனால் இடங்கள் குறைவு, அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தனியாரில் வேலை திட்டம் திட்டமாக வரும், பில் பாஸ் ஆக மாதக்கணக்கில் ஆகும். முதல் ஐந்து வருடம் நான் பகலில் மண்டபம் அளந்தேன், ராத்திரியில் சாதாரண வீட்டு பிளான் வரைந்து வாடகை கட்டினேன். மரபுப் பாதுகாப்புக்காக 1984இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்கு ஊர் ஊராகக் கிளைகள் உண்டு, ஆவணப்படுத்தும் வேலையில் அங்கிருந்து தொடங்கியவர்கள் நிறைய. கல்யாணத்தை இந்தப் படிப்புக்கு எதிரியாக நிறுத்துவதைவிட, பேச்சு நடக்கும்போதே 'படிப்பேன், வேலைக்குப் போவேன்' என்பதை உம்மா வாயால் சொல்ல வையுங்கள். நிக்காஹ் முடிந்த பிறகு அனுமதி கேட்பது கஷ்டம்.

நான் வரையாத பாதி

பல வருடம் முன்பு உங்கள் கடற்கரையில் ஒரு ஊரில் பழைய வீடுகளை அளந்தேன். நல்ல மனிதர்கள். திண்ணையில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள், முன்கூடத்தை அளக்கப் பிள்ளைகள் டேப் பிடித்தார்கள். உள்கதவுக்கு அப்பால் பெண்கள் பகுதி. நான் கேட்கவும் இல்லை, அவர்கள் கூப்பிடவும் இல்லை. அதுதான் மரியாதை. அந்த வரைபடங்கள் இப்போதும் என் அலமாரியில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் முன்பாதி விரல்கடை அளவுக்குத் துல்லியம், பின்பாதியில் புள்ளிக்கோடு போட்டு 'நுழையவில்லை' என்று எழுதியிருக்கிறேன். சமையல்கட்டு எங்கே, கிணறு எங்கே, தெருவில் இறங்காமல் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பெண்கள் போகும் வழி எங்கே, பிரசவ அறை எது, மாப்பிள்ளைக்கு ஒதுக்கும் அறை மாடியிலா கீழேயா, எனக்குத் தெரியாது. என்னைப் போன்ற ஆண்கள் வரைந்த படங்களை வைத்துத்தான் 'கடலோர முஸ்லிம் வீடு' பற்றி எழுதுகிறோம். பெண்களுக்குச் சேரும் வீடுகளைப் பற்றி, திண்ணையில் உட்கார்ந்துகொண்டு. நீங்கள் அந்தக் கதவுக்கு உள்ளே பிறந்தவர். உங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளே போக உங்களுக்கு ஒரு சலாம் போதும்.

ஆகவே அந்த முதல் வேலை: வீட்டை அளந்து வரையுங்கள். 30 மீட்டர் டேப், கட்டம் போட்ட தாள், பென்சில், டேப்பின் அந்த முனையைப் பிடிக்கத் தங்கையோ பக்கத்து வீட்டுப் பெண்ணோ. முற்றத்தில் தொடங்குங்கள். நான்கு பக்கம் மட்டும் அளந்தால் போதாது, மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் எடுக்க வேண்டும். பழைய முற்றம் எதுவும் சரியான சதுரம் இல்லை. என் முதல் வேலையில் ஒரு சத்திரத்தை மூன்று நாள் அளந்துவிட்டு, குறுக்களவு எடுக்காமல் ஊருக்குப் போய் வரைய உட்கார்ந்தேன். சுவர்கள் ஒன்றோடொன்று சேரவே இல்லை. எட்டு மணி நேரம் பஸ்ஸில் திரும்ப வந்து, இரண்டே இரண்டு அளவு எடுத்துக்கொண்டு போனேன்.

சுவரின் பருமனை வாசல் நிலையில் அளக்கலாம். ஒவ்வொரு அறைக்கும் உம்மாவும் பாட்டி வயதுப் பெண்களும் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள், அகராதித் தமிழாக்க வேண்டாம். மாமாவிடம் வைக்கும் பிளானுக்கும் இதே தாள்தான் அடிப்படை, முதுகலை நேர்காணலில் மேசை மேல் வைக்கவும் இதே தாள்தான். வீடு எப்படியும் போய்விட்டால் மிஞ்சுவதும் இதுதான்.

வடகிழக்கு மழை தொடங்குவதற்கு முன் முற்றத்தையும் முன்கட்டையும் முடித்துவிடுங்கள். தாளைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துத் திருத்தித் தருகிறேன். குறுக்களவை மறக்க வேண்டாம்.